வாழைக்கயர்

உதயகலாவின் புருஷனுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த நாளிலிருந்து, அவளுடைய உடம்பில் பட்ட எந்தத் துணியும் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் வெள்ளையாகிவிடும். மஞ்சள் முதலில் போகும். பச்சை கொஞ்சம் நின்று பார்க்கும். கறுப்புக்கு மட்டும் இரண்டு தேத்தண்ணி நேரம் பிடித்தது. கொக்குவிலில் ஒரு கிழமை இதைக் கதைத்தார்கள், பிறகு பால்மா விலை ஏறியதைக் கதைக்கப் போய்விட்டார்கள். செத்தவரின் தமக்கை பராசக்திக்குத்தான் இதில் பரம திருப்தி. “நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. கடவுளே வெளுக்கிறார்,” என்று வீட்டுப் படலை படலையாகப் போய்ச் சொன்னாள். அந்தத் திருப்தி வழிகிற முகத்தைக் காணும்போதெல்லாம் உதயகலாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

மூன்று வருடம் கழித்து மகள் கீர்த்திகாவுக்குக் கலியாணம் பொருந்தியது. தாரை வார்க்கப் பராசக்தியும் அவளுடைய புருஷன் சிவசுப்பிரமணியமும் நிற்பதென்று சொந்தக்காரர் கூடி முடிவெடுத்தார்கள், பெற்றவளைக் கேட்கவில்லை. வெள்ளைச் சேலையோடு மணவறைப் பக்கம் வரப்படாது, வேண்டுமானால் பின்னால் நின்று வடை எண்ணலாம் என்றார்கள். “வெள்ளையோடையெண்டாலும் வாங்கோ அம்மா, நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றாள் கீர்த்திகா. “வெள்ளையோடை வந்தால் உன்ரை மாமி வெண்ட மாதிரி. உன்ரை கையை நான்தான் பிடிச்சுக் குடுப்பன். சிவப்போடை வந்து குடுப்பன்,” என்றாள் உதயகலா.

கடைச் சாயமெல்லாம் தோற்ற பிறகு, சோனகத்தெருவில் சுஹறா நடத்திய வகுப்புக்குப் போனாள். சுஹறா, இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, செடிகொடியில் சாயம் எடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தவள். “மூக்கைக் கழட்டி வெளியாலை வைச்சிட்டு உள்ளுக்கு வாங்கோ,” என்பதுதான் அவள் சொல்லிக்கொடுத்த முதற்பாடம். சிவப்புக்குச் சாயவேர். ஆனால் வேரின் சிவப்பைத் துணி சும்மா குடிக்காது. முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊற வேண்டும். பிறகு ஆட்டுப் புழுக்கையும் காறிப்போன பழைய எண்ணெயும் கரைத்த தொட்டியில் நாட்கணக்காகக் கிடக்க வேண்டும். தொட்டியின் மேல் பச்சை நுரை கட்டும், நுரையில் புழு நெளியும், அதற்குள் முழங்கை வரை விட்டுப் பிசைய வேண்டும். மீன் கழுவிய கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறவள் உதயகலா. முதல்நாள் குமட்டி மூன்று தரம் சத்தி எடுத்தாள். நகக்கண்ணில் ஏறிய நாற்றம் சோற்றிலும் மணத்தது. இருந்தும் விடவில்லை, ஏனென்றால் பராசக்தியின் சிரிப்பு அதைவிட நாறியது.

சேலை செக்கச்செவேலென்று வந்தது. உடுத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள். தேத்தண்ணி ஆறியது, சிவப்புப் போனது, நாற்றம் மட்டும் போகவில்லை. மூன்று சேலை தோய்த்துப் பார்த்தாள், மூன்றுக்கும் இதே கதைதான். “சீ, உதென்ன நாத்தம்! எத்தினை சாயம் போட்டாலும் வெளுக்கத்தானே செய்யும்,” என்று பராசக்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். உதயகலாவுக்குத் தன்னுடைய கையைப் பார்க்கவே அருவருத்தது.

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பழுக்க வைப்பதற்காக வளவில் வாழைக்குலை வெட்டினார்கள். குலையைத் தாங்கிப் பிடித்த உதயகலாவின் தோளில் தண்டிலிருந்து பால் வடிந்தது. மேற்பார்வைக்கு நின்ற பராசக்தி கத்தினாள்: “ஐயோ, கயர் பட்டிட்டுது! உது இனிச் செத்தாலும் போகாது.” உடுப்பில் பட்ட வாழைக்கயர்க் கறைக்காகத் தாயிடம் அடி வாங்காத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இல்லை. உதயகலா குந்தியிருந்து ஒரு தேத்தண்ணி குடித்தாள். இன்னொன்று குடித்தாள். மூன்றாவதும் குடித்தாள். வெள்ளைச் சேலையின் தோளில் மண்ணிறக் கறை அப்படியே கிடந்தது.

சுஹறாவுக்குப் போன் எடுத்தாள். “ரீச்சர், கடுக்காய்க்குப் பதிலா வாழைக்கயரிலை ஊறப் போட்டால்?” சுஹறா சொன்னாள்: “கடுக்காயிலை இருக்கிறதும் உந்தத் துவர்க் கயர்தானே. போடுங்கோ.”

வளவில் நின்ற பதினான்கு வாழையையும் உதயகலா அன்றைக்கே தறித்தாள், கலியாண வாசலில் கட்ட விட்டிருந்த இரண்டையும் சேர்த்து. தண்டை இடித்துப் பிழிந்து, சேலையை ஊறப் போட்டாள். பிறகு அதே புழுக்கை, அதே புழு, அதே சத்தி. கடைசியாகச் சாயவேர்.

கலியாண மண்டபத்துக்குள் அவள் வந்தபோது முதலில் வந்தது நாற்றம்தான். ஐயர் சால்வையை மூக்கில் கட்டிக்கொண்டு மந்திரம் சொன்னார். முன்வரிசைக் கதிரைகள் வெறுமையாகின. மணவறையடியில் நின்ற பராசக்தி இரண்டு முறை ஓங்காளித்து, மூன்றாம் முறை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஓடினவள் யன்னலுக்கு வெளியே நின்று, சேலை எப்போது வெளுக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தேத்தண்ணி நேரம் போனது. இரண்டு போனது. சிவசுப்பிரமணியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வார்க்க, உதயகலா மகளின் கையைப் பிடித்து மருமகனிடம் கொடுத்தாள். கீர்த்திகா மூக்கைப் பொத்தவில்லை. சேலை சிவப்பாகவே இருந்தது.

அடுத்த மாசியில் சிவசுப்பிரமணியம் நெஞ்சுவலியால் போய்ச் சேர்ந்தார். அந்தியேட்டி முடிந்த மறுநாள் பராசக்தி உதயகலாவின் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். காலையில் உடுத்த நாவல்நிறச் சேலை, ஒழுங்கை தாண்டுவதற்குள் வெளுத்திருந்தது. வளவிலிருந்த சாயத் தொட்டியடிக்கு வந்ததும் பழக்கத்தில் மூக்கைப் பொத்தினாள்.

“எத்தினை நாள் ஊற வேணும்?”

“முதல்லை மூக்கை விடுங்கோ மச்சாள்,” என்றாள் உதயகலா. “வாழை நான் தாறன். புழுக்கை நீங்கள்தான் பொறுக்கிக்கொண்டு வரவேணும்.”

அன்று பின்னேரம் ஆட்டுப்பட்டியடியில் பராசக்தி உரப்பையோடு குனிந்து நின்றதைப் பலர் கண்டார்கள். கொக்குவிலில் அதை ஒருவரும் அதிசயமாகக் கதைக்கவில்லை.