நாலு மாதமும் பத்து நாளும்

கூடத்தில் பெண்கள் யாசீன் ஓதும் சத்தம் உச்சத்துக்கு ஏறிய நேரம் பார்த்து, ருக்கையா ஃபிரிட்ஜிலிருந்து தொதல் டப்பாவை எடுத்துப் புர்காவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் கலீலுர் ரஹ்மான் அன்று விடியலில், சுபுஹு நேரத்தில், ஆஸ்பத்திரியில் மௌத்தாகியிருந்தார். மையத்து இன்னும் அங்கேதான் இருந்தது. கொழுந்தன் ராஜிக் காகிதங்களோடு ஆபீஸ் ஆபீஸாக ஓடிக்கொண்டிருந்தான். மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். இப்படிப்பட்ட காலையில் ஒரு பெண்ணுக்குத் தொதல் எதற்கு என்று கேட்பவர்கள் ஷார்ஜாவில் வீடு வாடகைக்கு எடுத்துப் பழகாதவர்கள்.

வருஷா வருஷம் வாடகை ஒப்பந்தம் முடியும் மாதத்தில் கீழக்கரையிலிருந்து தொதல் வரவழைத்து, ரியல் எஸ்டேட் ஆபீஸில் கொண்டுபோய் வைப்பார் கலீலுர் ரஹ்மான். அவர்கள் குடியிருந்த முவைலாவில் ஊருக்கே வாடகை ஏறியபோதும் அவர் வாடகை மட்டும் சவலைப் பிள்ளை மாதிரி வளராமலே கிடந்தது. அந்தக் கருப்பு இனிப்பில் எதையோ ஓதிக் கொடுக்கிறார் என்று கட்டடத்துப் பெண்கள் லிஃப்டில் பேசாத நாளில்லை. இந்த வருஷம் தொதல் வந்து சேர்ந்தது. கொண்டுபோக வேண்டியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

ஒப்பந்தம் சனிக்கிழமையோடு முடிகிறது. இன்று வியாழன். நண்பகலில் ஆபீஸைப் பூட்டினால் இனி திங்கட்கிழமைதான் திறப்பார்கள். புருஷன் மௌத்தானவள் நாலு மாதம் பத்து நாள் அவர் வாழ்ந்த வீட்டிலேயே, வாசல் தாண்டாமல் இத்தா இருக்க வேண்டும். அந்த வீடே கையில் நிற்குமா என்பது தெரியாமல் எந்த மூலையில் போய் உட்காருவது? மகள் நஜீஹாவுக்கோ பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை தலைக்கு மேல் நிற்கிறது.

வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் எதிர்வீட்டு அஸ்மத் பீவி. வாய் ஓதிக்கொண்டிருந்தது, கண் ஜன்னலின் அகலத்தை அளந்துகொண்டிருந்தது. மகளின் மாமியார் வீட்டுக்கு இதே மாடியில் ஒரு ஃபிளாட் வேண்டும் என்று போன வாரம்தான் வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"எங்க போறீக ருக்கையா? வாசப்படி தாண்டலாமா நீக?"

"இன்னும் அடக்கமே ஆகலையே லாத்தா. இந்தா வந்துர்றேன்."

கதவு சாத்தியதும் யாசீன் ஒரு வரி தடுக்கி விழுந்தது. அப்புறம் சமாளித்துக்கொண்டு எழுந்து ஓடியது.

ஆபீஸ் பக்கத்துக் கட்டடத்து முதல் மாடியில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் ஹசன் அலி, சூடான்காரர், வயதானவர். இந்தியும் அரபியும் கலந்து பேசுவார். கலீலுர் ரஹ்மான் வாங்கிவந்த தொதல் டப்பாக்களில் இரண்டு அங்கே பேனா ஸ்டாண்டுகளாக நின்றன. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஹசன் அலியைச் சிரிக்க வைத்துவிட்டு, "பத்தே நிமிஷம், வேலை கலாஸ்!" என்று வீட்டுக்கு வந்து பீற்றிக்கொள்வார் மனுஷன்.

"கலீல் பாய் எங்கே, மதாம்?"

"சுகமில்ல. ஆஸ்பத்திரியில இருக்காக."

அது பொய்கூட இல்லை. இன்னும் அங்கேதான் இருந்தார்.

"ஒப்பந்தம் அவர் பேர்ல. கையெழுத்து போட ஆள் வரணும். ஒரு வருஷத்துக்குக் கம்மியா போட முடியாது, வாடகையும் ஏறுது."

"வருஷம் வேணாம் பாய்." ருக்கையா டப்பாவை மேஜைமேல் வைத்தாள். "நாலு மாசம் பத்து நாள் மட்டும் நீட்டிக் குடுங்க."

ஹசன் அலியின் பேனா நின்றது.

அந்த மேஜைக்கு வந்து ஒரு மாதம் கேட்டவர்கள் உண்டு, ஆறு மாதம் கேட்டவர்களும் உண்டு. இந்தக் கணக்கை யாரும் கேட்டதில்லை. ஆனால் கேட்டவுடனே விளங்காத முஸ்லிமும் கிடையாது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தபடி கேட்டார்.

"எப்போ?"

தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சுபுஹுக்கு."

"இன்னா லில்லாஹி..." என்று முணுமுணுத்தவர், கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துக் கட்டடத்து முதலாளியிடம் அரபியில் பேசினார். முதலில் சாதாரணமாக, அப்புறம் கெஞ்சலாக. அந்தப் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்த ஒரே சொல் அவளுக்கும் தெரிந்ததுதான். மாஃபி. கிடையாது.

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மௌத்தானவர் பேர்ல நீட்ட மாட்டாராம். ஆளும் ரெடியா இருக்காம், உங்க கட்டடத்துலயே சொல்லி வச்சிருக்காங்க. நாலு மாசம் மாஃபி, மதாம்." அடுத்ததைத் தானே செய்த தப்பு மாதிரிச் சொன்னார். "பத்து நாள் ஓகே."

"பாய், புள்ளைக்குப் பரீட்சை. நான் எங்க போயி இத்தா இருப்பேன்? ரோட்டுலயா?" மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ கேளுங்க பாய். வாடகைய ஏத்திக்கச் சொல்லுங்க. அவுகளுக்காகக் கேளுங்க."

அவர் இன்னொரு தடவையும் கேட்டார். இந்த முறை அந்தப் பக்கம் பாதியிலேயே போனை வைத்துவிட்டது.

ஹசன் அலி டப்பாவை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார். இத்தனை வருஷத்தில் தொதல் திரும்பி வருவது இதுதான் முதல் தடவை.

"வீட்ல புள்ளைங்களுக்குக் குடுங்க."

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஓதி முடித்திருந்தார்கள். இத்தா மூலைக்குப் படுதா கட்ட ஒருத்தி புதுப் படுக்கை விரிப்பைப் பிரித்து வைத்திருந்தாள். அஸ்மத் பீவி ஸ்டூல்மேல் ஏறி, சுத்தியலும் ஆணியுமாகச் சுவரைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன சோலி முடிஞ்சுதாம்மா?"

நஜீஹா போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அறையிலிருந்து வந்தாள்.

"உம்மா, ராஜிக் சாச்சா பேசுனாங்க. வாப்பாவை அடக்கத்துக்குத் தூக்கிட்டாங்களாம்."

பெண்கள் முந்தானையை வாயில் வைத்தார்கள். சத்தம் ஒன்று கிளம்பி அடங்கியது. எல்லாரும் ருக்கையாவைப் பார்த்தார்கள். அவள் பார்வை ஆணிமேல் இருந்தது.

"ஆணி அடிக்காதீக லாத்தா. சுவரு பாழாப் போயிரும்."

அஸ்மத் பீவியின் கை அந்தரத்தில் நின்றது. அவள் இறங்குவதற்கு முன், ஆணிமுனை பட்ட புள்ளியை எச்சில் தொட்டு விரலால் ஒருமுறை தேய்த்துவிட்டாள்.

ருக்கையா பால்கனிக்குப் போய்த் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வந்தாள். ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறு முனையை அலமாரிக் கைப்பிடியிலும் கட்டினாள். விரிப்பை மேலே போட்டுச் சுருக்கம் இழுத்துவிட்டு அதன் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

தொட்டால் அவிழ்ந்துவிடுகிற முடிச்சாகத்தான் போட்டிருந்தாள்.