குதிக்காத வெட்டுக்கிளிகள்

மதார் சாகிப் எட்டு வருஷம் தவளை பிடித்துப் பிழைத்தவர். மழை தொடங்கிவிட்டால் மதுராந்தகத்திலிருந்து அச்சரப்பாக்கம் வரை கழனி கழனியாகச் சாக்குப் பையோடு அலைவார். பிடித்ததையெல்லாம் ஏஜெண்டின் கொட்டகையில் கொடுப்பார். பின்னங்கால்களை மட்டும் வெட்டி, ஐஸில் வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஒருநாள் சாக்கைத் திரும்ப வாங்க உள்ளே போனவர், கால் போன தவளைகள் முன்னங்கால்களை ஊன்றித் தரையில் நகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மனைவி சைனம்பு ஏனென்று கேட்டதற்கு, "கண்ணு தொறந்தே கீது, சைனம்பு" என்று மட்டும் சொன்னார்.

செங்கல்பட்டில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற வாசுதேவன், மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரச் சாலையில் ஒரு தவளைக் கூடம் திறந்தார். அது எழுபத்தேழாம் வருஷம். பதினொரு பெருந்தவளைகளுக்கு மேல் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு காட்டிலாகாவின் அனுமதிக் கடிதம் சுவரில் மாட்டியிருந்தது. கம்பிவலை போட்ட இரண்டு சிமெண்டுத் தொட்டிகள், கொஞ்சம் மண், கோரைப்புல், பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு பெஞ்சு. கவனித்துக்கொள்ள மதாரைக் கூப்பிட்டார்.

"நான் புடிச்சி வித்தவன் சார்" என்றார் மதார்.

"அதனாலதான் உங்களைக் கூப்பிடுறேன். தவளை எங்கே இருக்கும், என்ன தின்னும்னு உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எனக்குத் தெரியாது."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் மதார்தான் பேசுவார். "ஒரு தவள ஒரு ராத்திரில எத்தினி பூச்சி துண்ணும் தெரியுமா? இத புடிச்சி வித்துட்டா அந்தப் பூச்சியெல்லாம் எங்க போவும்? உங்கப்பன் கழனிக்குத்தான் போவும்." பிள்ளைகள் சிரிப்பார்கள். முதல் மழைக்கு ஆண் தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடைக்குக் கீழே நீலப் பைகளை ஊதிக் கத்தும்போது, சிலைகளைப் பார்க்க வந்த கூட்டம்கூட பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்தது. அன்றைக்கெல்லாம் மதார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பார்.

மறு வருஷம் புரட்டாசியில் அவருக்கு மலேரியா வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப் போட்டது. தவளைகளுக்கு உயிருள்ள இரைதான் வேண்டும். அசையாததை அவை தொடாது. பூஞ்சேரித் தரிசில் வலை வீசி அவரே பிடித்து வருவது வழக்கம். நடக்க முடியாததால், கூடத்தைப் பெருக்க வரும் வேண்டா என்ற பெண்ணிடம் பூச்சி பிடித்து வரச் சொன்னார். அவளுக்குப் பூஞ்சேரியில் கொஞ்சம் கழனி இருந்தது.

மறுநாள் பகலில் வேண்டா ஒரு துணிப்பை நிறைய வெட்டுக்கிளி கொண்டுவந்தாள்.

"இன்னா வேண்டா, இத்தினியா?"

"எங்க கழனிலதான் பாய். இன்னிக்கி ஒண்ணுகூட குதிக்கல. வரப்புல உக்காந்துகினே கெடந்துச்சி. அள்ளிகினு வந்தேன்."

மதார் பையைத் திறந்து பார்த்தார். பூச்சிகள் காலை மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தன. அவருக்குக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வேலை சுலபமாக முடிந்தது என்று நினைத்தார். இரண்டு தொட்டிகளிலும் கொட்டினார். மூன்று நாளாக அரைவயிறாகக் கிடந்த தவளைகள் பாய்ந்து பாய்ந்து விழுங்கின. அதைப் பார்த்து அவருக்குக் காய்ச்சலிலும் சந்தோஷமாக இருந்தது.

மாலை அஸர் தொழுகை முடித்து வந்தபோது பெரிய ஆண் தவளை தண்ணீரில் மல்லாந்து கிடந்தது. இன்னொன்று பின்னங்கால்களை விறைத்து நீட்டி உதறியது. அதைக் கையில் எடுத்தார். உள்ளங்கையிலேயே துடித்து அடங்கியது. தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டினார், புதுத் தண்ணீர் ஊற்றினார், ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினார். பொழுது சாய்வதற்குள் பத்தும் போய்விட்டன. அன்று இரை தொடாமல் கோரையடியில் ஒதுங்கியிருந்த ஒரு பெண் தவளை மட்டும் மிஞ்சியது.

சைனம்பு வந்து பார்த்தபோது அவர் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். "அவங்களாவது கத்தி வச்சி வெட்டுனாங்க. நான் ஊட்டி உட்டேன்" என்றார்.

காலையில் வாசுதேவன் வந்தார். விசாரித்ததில், முந்தின நாள் விடியற்காலையில் வேண்டாவின் கொழுந்தன் பயிருக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தது தெரிந்தது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வாசுதேவன் கோபப்படவில்லை. அதுதான் மதாருக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பள்ளிக்கூடப் பெண்கள் வருவதாக இருந்தது. திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் வாசுதேவன்.

"வேணாம் சார். பாக்கட்டும்."

வாழையிலையில் பத்துத் தவளைகளையும் வரிசையாகக் கிடத்தினார். பெண்கள் வந்து சுற்றி நின்றார்கள். மருந்தைப் பற்றிச் சொன்னார். "இந்த மருந்து துண்ண பூச்சி குதிக்காது" என்றார்.

முன்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்: "குதிக்கலன்னு தெரிஞ்சுமா போட்டீங்க?"

மதார் அவளையே பார்த்தார். "தெரிஞ்சிது பாப்பா. எட்டு வருஷம் கழனி கழனியா அலஞ்சவன், மருந்து பட்ட பூச்சிய பாத்திருக்கேன். ஆனா அன்னிக்கி யோசிக்கல." டீச்சர் பெண்களை மெதுவாக வெளியே அழைத்துப் போனாள். தவளைகளை அவரே தென்னைக்கு அடியில் புதைத்தார்.

வேண்டா பத்து நாள் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"என் கையால எட்த்தாந்தேன் பாய். நானும் அந்தக் கழனிலதான் நாளு பூரா நிக்கிறேன்."

"நீ இன்னா பண்ணுவ. மொதல்ல ஒடம்பப் பாத்துக்க. மருந்து அடிச்சா நாலு நாளு எறங்காத." அவள் அழுதாள். சைனம்பு அவளை உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தாள்.

புதிதாகப் பிடிக்க அனுமதி கேட்கலாமா என்று வாசுதேவன் கேட்டபோது மதார் வேண்டாம் என்றார். மிஞ்சிய ஒன்றை வெளியே விடக் காட்டிலாகா சம்மதித்தது. எங்கே விடுவது என்பதுதான் தெரியவில்லை. மதார் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். மருந்து அடிக்காத கழனி ஒன்றுகூட இல்லை. அடிக்காமல் எப்படி, பூச்சி விடுமா என்று எல்லோரும் அவரையே கேட்டார்கள். அதே கழனிகளிலிருந்து தான் சாக்குச் சாக்காகத் தவளை அள்ளிப்போனதை எண்ணிப் பார்க்கப் பயந்து திரும்பினார்.

கடைசியில் ஐப்பசி மழைக்கு மறுநாள், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மணல்மேடுகளுக்கு நடுவே தேங்கியிருந்த நல்ல தண்ணிக் குட்டையில் கொண்டுபோய் விட்டார். அது கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே இறங்கியது. துணைக்குக் கூப்பிட ஒரு ஆண் தவளையின் குரலாவது கேட்கிறதா என்று மதார் வெகுநேரம் நின்றார். கடல் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு கூட வந்திருந்த சைனம்பு கூப்பிடவே, ஈர மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.