புருலிடம் சொல்லாதே

குளிர் தொடங்கிவிட்ட அக்டோபர் மாதத்தில் யாராவது ஜன்னல் கழுவுவார்களா? குல்சாத் கழுவிக்கொண்டிருந்தாள். அழைக்காமல் புருல் வீட்டுக்கு வந்து, மூன்று பிள்ளைகளையும் முற்றத்தில் இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிய கையோடு வாளியைத் தூக்கிவிட்டாள். கூடத்துக் கம்பளங்களை உதறினாள். மெத்தைகளைச் சுவரோரம் வரிசையாக விரித்தாள். ஏற்கெனவே பளிச்சென்று இருந்த கண்ணாடியை மறுபடி தேய்த்தாள். காலில் வெந்நீர் கொட்டியவள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தாளே தவிர, வாய் ஓயாத அந்தப் பெண் வந்ததிலிருந்து பத்து வார்த்தை பேசவில்லை.

புருல் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். சார்ஜ் போடுகிறேன் என்று அம்மாவிடமிருந்து வாங்கிய போனைக் குல்சாத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். டிவியின் வயர் சுவரிலிருந்து பிடுங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு மதிலுக்குப் பின்னால் ஒரு லாரி நின்றது. அதன்மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாலும், கூடாரத்துக் கழிகளின் சிவப்பு நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முற்றத்தில் கூடாரம் அடிப்பது கல்யாணத்துக்கு, இல்லையென்றால் சாவுக்கு. கல்யாணக் கூடாரத்தை யாரும் மூடி ஒளித்துவைப்பதில்லை.

"யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டாள் புருல்.

குல்சாத்தின் கையிலிருந்த துணி வாளியில் விழுந்தது. "மெல்லப் பேசுடி! என்ன பேச்சு இது? யாரும் சாகல. போ, பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயி ஆப்பிள் பொறுக்கு. என் கண்ணுல்ல."

இருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளியில் ஒரே பெஞ்சு. இருவருக்கும் முப்பத்து நாலு வயது என்று சொன்னால் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் நம்பவும் மாட்டார்கள். குல்சாத் சித்தப்பா மகள். விருந்துக்கு எத்தனை பேர் வந்தாலும் யாரை எங்கே உட்காரவைப்பது, வயதுக்கும் முறைக்கும் ஏற்ப யாருக்கு எந்த எலும்புக் கறித் துண்டு என்று கண்ணாலேயே தீர்ப்புச் சொல்பவள். புருல் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறாள், சம்பளம் வாங்குகிறாள், அம்மாவுக்கு மருந்தும் குளிர்காலத்துக்கு நிலக்கரியும் வாங்கிப்போடுகிறாள். இருந்தும் அவள்தான் குழந்தை. கல்யாணம் ஆகாதது மட்டும் காரணமில்லை. விருந்தாளிகளுக்கு டீ ஊற்றும்போது கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிவிடுவாள். கொஞ்சமாக ஊற்றினால் இன்னும் இருங்கள் என்று அர்த்தம், நிரப்பினால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மற்றவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லையாம், அதுதான் விசேஷம்! கூடப் படித்த பெண்களெல்லாம் ஒருநாள் எங்கோ கூடி, பெரியவர்களாக நடந்துகொள்வது எப்படி என்று பாடம் கேட்டுவிட்டு வந்ததுபோலவும், அன்றைக்கு அவள் மட்டும் காய்ச்சலில் கிடந்ததுபோலவும் அவளுக்குத் தோன்றும். பதினெட்டு வயதில் தானாக வந்துவிடும் என்று காத்திருந்தாள். பிறகு இருபத்தைந்தில். பிறகு முப்பதில்.

மூன்று வருஷம் முன்பு தம்பி மக்சத் அவளைத் தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். ஆட்டிசம் என்று அந்த அம்மாள் சொன்னபோது புருலுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஊருக்கு என்னவோ ஒன்றும் மாறவில்லை. முன்பு சும்மா குழந்தை, இப்போது டாக்டரே சொல்லிவிட்ட குழந்தை. மக்சத் ஒருவன்தான் அவளை அக்காவாக நடத்தினான். ரஷ்யாவில், நோவோசிபிர்ஸ்கில், லாரி ஓட்டும் வேலை கிடைத்தபோது, "போகட்டுமாக்கா?" என்று அவளிடம் வந்து நின்றான். போ என்று சொன்னவள் அவள்தான்.

ஆப்பிள் மரத்தடியில் சின்னதுகள் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. மூத்தவள் ஐதாய்க்குப் பதினோரு வயது. கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"ஏன் அழுத மாதிரி இருக்க?" என்றாள் புருல்.

"ஒண்ணுமில்ல."

"அம்மா அடிச்சாங்களா?"

"இல்ல. புருல்கிட்ட சொல்லாதன்னு அம்மா சொல்லியிருக்கு." பிள்ளைகள்கூட அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டன.

"என்னத்த?"

ஐதாய் கூடையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "சொன்னா நீ போயி பாட்டிகிட்ட சொல்லிருவியாம். உனக்கு மறைக்கத் தெரியாதாம். நான் பெரிய பொண்ணாம், அதனால எங்கிட்ட மட்டும் சொன்னாங்க."

பதினோரு வயதுப் பெண்ணை நம்பிச் சொன்ன விஷயத்தைப் புருலை நம்பிச் சொல்லவில்லை. இந்தக் கோபம் வந்து முடிவதற்குள் அதன் பின்னாலேயே பயம் வந்துவிட்டது. அம்மாவிடம் மறைக்கவேண்டிய சாவு யாருடையதாக இருக்க முடியும்?

அவள் திரும்பி வந்த வேகத்தைப் பார்த்தே குல்சாத்துக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்து விறகுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"மக்சத்," என்றாள். "முந்தாநாள். பனியில ரோடு வழுக்கி லாரி கவுந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டான். பிஷ்கேக் ஏர்போர்ட்லருந்து கார்ல கொண்டுட்டு வர்றாங்க, அவன் பொண்டாட்டியும் கூட வர்றா. சாயங்காலம் வந்துருவாங்க."

புருலின் விரல்கள் தொடையில் தட்ட ஆரம்பித்தன. தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. குல்சாத் அவள் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்தாள். "இப்ப இல்ல! இப்ப அழக் கூடாது. நான் நேத்துலருந்து அழாம இருக்கேன், பாரு." சோப்புத் தண்ணீரில் ஊறி அவள் விரல் முட்டிகள் புண்ணாகியிருந்தன.

"நேத்தா? நேத்து உன்னக் கடையில பாத்தேன். என்னப் பாத்துச் சிரிச்ச."

"சிரிக்காம வேற என்னடி பண்றது!" குல்சாத்தின் குரல் உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. "கேளு. பிற்பகல் தொழுகை முடிஞ்சதும் எங்கப்பாவும் பெரியவங்களும் வந்து பெரியம்மாகிட்ட முறையா சொல்லுவாங்க. நர்சும் ஊசியோட கூட வருது. அதுவரைக்கும் மூச்சு விடாத. பெரியப்பா செத்தத எவனோ போன்ல பட்டுன்னு சொல்லி, பெரியம்மா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தாங்களே, மறந்துட்டியா? ஒரு மாசம் ஆஸ்பத்திரி. இந்தத் தடவ பொழைக்க மாட்டாங்கடி. நீ உள்ளயே போகாத. உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

அப்போதுதான் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "புருல்! மருந்து தேய்க்க வரலயா?"

தினமும் மத்தியானம் அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது புருலின் வேலை. குல்சாத் முந்திக்கொண்டு ஓடினாள். "நான் தேய்க்கிறேன் பெரியம்மா!"

"நீ ஜன்னலக் கழுவு. அவ வரட்டும்."

புருல் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் குல்சாத் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

அம்மா மெத்தையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். புருல் எப்போதும்போல இடது காலிலிருந்து ஆரம்பித்தாள்.

"எதுக்கு இவ இப்படி அடிச்சுப் புடிச்சுக் கழுவுறா?"

"அழுக்கா இருக்குதாம்." இது பொய்யில்லை, குல்சாத் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"என் போன் எங்க?"

"அவ பையில." இதுவும் பொய்யில்லை. சின்னச் சின்ன உண்மைகளாகப் பொறுக்கிக் கொடுத்து எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்? குல்சாத்தாக இருந்தால் இதற்குள் ஒரு ஊர்க்கதை சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்திருப்பாள்.

"இன்னிக்கு மக்சத் பேசுற நாளு."

புருல் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள்.

"அந்தக் காலையே தேய்ச்சுக்கிட்டிருக்க," என்று அம்மா அவள் கையின்மேல் தன் கையை வைத்து நிறுத்தினாள். "நேத்து ஜுமாபெக் வந்தான், உங்க சித்தப்பா. வாசல்லயே நின்னுட்டு ஏதோ உளறிட்டுப் போயிட்டான். எதிர்வீட்டுக்காரி என்னப் பாத்ததும் பாதி வழியில திரும்பிட்டா. நான் யாரையும் கேக்கல. கேட்டாச் சிரிச்சு மழுப்புவாங்க. உன்னத்தான் கேக்கணும்னு இருந்தேன். சொல்லு. மக்சத்தா?"

வார்த்தை வராமல் போவது புருலுக்குப் புதிதல்ல. எத்தனையோ நாள் பாதிப் பேச்சில் வாய் அடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள், அம்மாவுக்கு அது பழக்கம். இன்றும் அப்படி உட்கார்ந்துவிடலாம், யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அம்மா இங்கேயே, இந்த மெத்தையிலேயே செத்துப்போகலாம். அப்போது ஊர் சொன்னதெல்லாம் சரியாகிவிடும். ஆனால் அம்மா எல்லோரையும் விட்டுவிட்டு அவளைக் கேட்டுவிட்டாள். கேட்டவளை இன்னும் இரண்டு மணி நேரம் இப்படியே தவிக்கவிடுவது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

எழுந்து அலமாரியைத் திறந்தாள். நெஞ்சுவலி மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து நீட்டினாள்.

"முதல்ல இதப் போடும்மா. நாக்குக்குக் கீழ."

அம்மா மாத்திரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுபேச்சு இல்லாமல் வாங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

"வச்சுட்டேன். இப்பச் சொல்லு."

"மக்சத்துதாம்மா."

"உயிர் இருக்கா?"

"இல்ல."

அம்மா முக்காட்டின் நுனியை வாயில் திணித்துக் கடித்தாள். சத்தமே வரவில்லை. உடம்பு மட்டும் முன்னும் பின்னும் ஆடியது. புருல் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அங்கே துடிப்பு இருக்கிறதா என்பதை மட்டும் கவனித்தாள். இருந்தது. தாறுமாறாக ஓடியது, நிற்கப்போவதுபோல் தயங்கியது, பிறகு ஓடியது. கதவுக்கு வெளியே குல்சாத் வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட கேட்டான், போகட்டுமான்னு," என்றாள் புருல் மெதுவாக. "நான்தான் போன்னு சொன்னேன்."

"எங்கிட்டயும் கேட்டான்," என்றாள் அம்மா. "நானும் போன்னுதான் சொன்னேன்."

பிறகு அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"எப்ப வர்றாங்க சொல்ல?"

"தொழுகை முடிஞ்சு."

"வரட்டும். ஜுமாபெக் ரெண்டு நாளா தூங்காம வார்த்தையத் தேடிக்கிட்டிருப்பான். அவன் அண்ணன் பெத்த பிள்ள, அவன் வாயால சொல்லட்டும். உனக்கு ஒண்ணும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சா உன்னத்தான் கடிச்சுத் துப்புவாங்க."

"யாராவது கேட்டா?"

"உன்ன யாரு கேக்கப்போறா?"

அம்மா குத்திக்காட்டச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். இருந்தாலும் சுருக்கென்று தைத்தது. புருல் வலது காலுக்கும் தைலம் தேய்த்துவிட்டு, அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததும் வெளியே வந்தாள். "தூங்குறாங்க," என்று குல்சாத்திடம் சொன்னாள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று அவளுக்கே தெரியவில்லை.

தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். தொப்பியும் நீண்ட கோட்டுமாக ஏழெட்டு ஆண்கள், பின்னால் பெண்கள், கடைசியில் பையோடு நர்சு. ஜுமாபெக் சித்தப்பா அம்மாவுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். கிழவரின் தாடி நடுங்கியது.

"அண்ணி," என்று முறைப்படி மறைபொருளில் ஆரம்பித்தார். "கையில வச்சு வளத்த ராஜாளி பறந்து போயிட்டா, வேட்டைக்காரன் என்ன பண்ணுவான்?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த மலைக்குப் போச்சுன்னு கேப்பான்," என்றாள்.

"போனா திரும்பாத மலைக்கு, அண்ணி. நம்ம மக்சத் நம்மள விட்டுட்டுப் போயிட்டான்."

அம்மா நடிப்பாள் என்று புருல் நினைத்திருந்தாள், அதைப் பார்க்கக் கூசிக் கண்ணைத் தாழ்த்தியிருந்தாள். ஆனால் அம்மாவிடமிருந்து கிளம்பிய ஓலம் நடிப்பில்லை. மத்தியானம் துணியைக் கடித்து விழுங்கியதெல்லாம் இப்போது வெளியே வந்தது. ஆண்கள் "ஐயோ என் தம்பி!" என்று கதறினார்கள். பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். நர்சு ஊசி போட்டுவிட்டு, பயந்த அளவுக்கு இல்லை, தாங்கிவிட்டார்கள் என்றாள். முற்றத்தில் லாரி நுழைந்து கழிகளை இறக்கும் சத்தம் கேட்டது. சுற்றி இத்தனை பேர் அழுதும் புருலுக்கு அழுகை வரவில்லை, விறகுக் கொட்டகைக்குப் பின்னால் தடுத்து நிறுத்தியது நின்றபடியே இருந்தது.

அடுப்படியில் குல்சாத் அவளைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் வீங்கியிருந்தன. ஒரு கையில் ஐதாய், மறு கையில் மாத்திரை அட்டை.

"இது மெத்தைக்கு அடியில கெடந்துச்சு. புது அட்டையில ஒரு மாத்திரை கொறையுது. நீ சொல்லிட்டியா?"

யாரும் கேட்கமாட்டார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மாவுக்கும் எல்லாம் தெரியாது.

"என்னப் பாத்துச் சொல்லு புருல்."

மனிதர்களின் கண்ணைப் பார்ப்பது புருலுக்கு வெயிலைப் பார்ப்பது மாதிரி. பார்த்தாள். குல்சாத்தின் கண்ணுக்குள் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது, இரண்டு நாளாகத் தனியாகச் சுமந்த பயம். மத்தியானம் நடந்தது தெரிந்தால் அந்த இரண்டு நாளும் அவளுக்கு வீணாகிவிடும். அம்மாவின் அழுகையும் ஊர்வாயில் நடிப்பாகிவிடும்.

"சொல்லல," என்றாள் புருல். "நெஞ்சு லேசா வலிக்குதுன்னாங்க, மாத்திரை குடுத்தேன்."

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே நினைத்திருக்கவில்லை. பெருமையாக இல்லை. ஒரு வீட்டின் கதவை உள்ளேயிருந்து தாழ்போட்டுக்கொண்டு தனியாக நிற்பதுபோல இருந்தது. எல்லோரும் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்களா, இத்தனை வருஷமும்?

குல்சாத்தின் தோள்கள் தளர்ந்தன. "பயந்தே போயிட்டேன்டி. நல்ல பொண்ணு," என்று புருலின் கன்னத்தில் தட்டினாள். பக்கத்தில் நின்ற ஐதாயின் கன்னத்திலும் அதே கையால் தட்டினாள்.

"இப்ப அழலாம், போங்க," என்றாள் இருவரிடமும்.