அன்னத்தாயின் இடப்பாதி

மனித முகமே படைப்பின் மகுடம் என்று அந்த அச்சகத்தின் வாசலில் கறுப்புக் கல்லில் பொறித்திருந்தது. செருப்பை அந்தக் கல்லின்மேல்தான் கழற்றிவிட வேண்டும்.

ஓவியர் குருவையாவின் மனைவி அன்னத்தாய்க்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து இரண்டுமே வலக்கன்னம். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கடலைமிட்டாய்ப் பெட்டியில் அச்சிடக் குடும்பப் பாங்கான பெண் ஒருத்தியின் முகம் வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டார்கள். குருவையா தன் மனைவியைப் பென்சிலில் வரைந்து கொடுத்தார். கம்ப்யூட்டரில் உட்காரும் ஜெபராணி அந்தப் படத்தின் வலப்பாதிக்கு மட்டும் கோடு பிடித்து, அதையே நகலெடுத்து, திருப்பிப் போட்டு, நடுவில் ஒட்டினாள். அங்கே எல்லா முகங்களையும் அப்படித்தான் செய்வார்கள். பாதி வேலை மிச்சம். பிள்ளையாருக்கு மட்டும் தும்பிக்கையை முன்னிட்டு விலக்கு உண்டு.

ஜெபராணி ஃபைலைச் சேமித்த நேரத்தில் அன்னத்தாய் வீட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். வலத் தாடையில் இருந்த மச்சம் இடத் தாடையிலும் வந்து உட்கார்ந்தது.

மச்சம் பெரிய விஷயமில்லை. அன்னத்தாயின் வலப்பக்கம் விருந்தாளிகளுக்கான பக்கம். கல்யாண வீடுகளிலும் பேங்க்கிலும் அதைத்தான் காட்டுவாள். இடப்பக்கம் வீட்டுக்கானது. அங்கேதான் உதடு கோணும், புருவம் ஏறும். குருவையாவை இத்தனை காலம் கட்டி மேய்த்தது அந்தப் பாதிதான். அது போய்விட்டது.

அவர் வீடு திரும்பியதும் அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க. ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

சோதித்துப் பார்க்கலாம் என்று குருவையா ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டார். அவள் இரண்டு பக்கமும் புன்னகைத்தாள். முன்பென்றால் அந்தத் துண்டு அவர் தலையில் வந்து விழுந்திருக்கும். அவர் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதார். அவள் பின்னாலேயே வந்து, விருந்தாளிகள் இங்கெல்லாம் சிரமப்பட வேண்டாமே, கேட்டால் தானே எடுத்துத் தருவாளே என்று பணிவாகச் சொன்னாள்.

மறுநாள் அச்சகத்துக்குக் கிளம்பினார். வழியில் தெரு முக்குக் கடையில் சுடலை ஆற்றிக் கொடுத்த டீயைக் குடித்தார். தினமும் சுடலையின் முகத்தைப் பார்த்தபடிதான் குடிப்பார். அந்தக் கடையில் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

அச்சகத்தின் உள்நடை, பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிபோல நீண்டுகொண்டே போனது. மடங்க வேண்டிய இடங்களில் புள்ளிக்கோடு போட்டிருந்தது. கோட்டை மிதித்தால் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. நிர்வாகி தனுஷ்கோடி பசை தடவும் மடிப்பில் உட்கார்ந்திருந்தார். அதனால் எழுந்து கைகொடுக்க முடியவில்லை. விசிட்டிங் கார்டில் அவருக்குப் பிம்பச் சிற்பி என்று பட்டம்.

மனைவியின் இடப்பாதியைத் திருப்பித் தரவேண்டும் என்று குருவையா கேட்டார். தனுஷ்கோடி வருத்தம் தெரிவித்தார். பிறகு சமச்சீர் பற்றிப் பேசினார். பிரபஞ்சமே அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறதாம். அவருடைய மீசை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது.

மூலப் படம் எங்கே என்று குருவையா ஜெபராணியிடம் திரும்பினார்.

"அதான் ஸ்கேன் பண்ணியாச்சே சார். அந்தத் தாளுல ரோலரத் தொடச்சிட்டாங்க."

"ஸ்கேன்ல முழு மொகமும் இருக்கும்ல?"

"வேண்டாத பாதிய அழிச்சிட்டேன் சார். எடத்த அடைக்குதுல்லா."

அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. அச்சுக்குப் பிளேட் போடுவதற்குள் இடப்பாதியை மறுபடி வரைந்து கொடுத்தால் சேர்த்துவிடலாம் என்றாள். பிளேட் போட்டுவிட்டால் அப்புறம் கடவுளே வந்து கேட்டாலும் மாற்ற முடியாது.

"தெனமும் பாக்குற மொகந்தான சார். மனசுல இருக்கும்."

குருவையா பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். கோணிய உதடு வந்தது. பென்சில் தாளைத் தொடுவதற்குள் போய்விட்டது. குரல் வந்தது, தெளிவாக, ஏச்சோடு. குரலை வரைய முடியாது. அவள் ஏசும்போதெல்லாம் தான் தலையைக் குனிந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பேப்பர்கள் வரி வரியாக நினைவில் இருந்தன.

சுவர்கள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தன. பிளேட் போடுகிறவர் வாசலில் வந்து நின்று இருமினார். வந்தது வரட்டும் என்று குருவையா கையை அதன் போக்கில் விட்டார். கை ஓடியது. புருவம், கன்னம், காது எல்லாம் ஒரே இழுப்பில் விழுந்தன. அழிரப்பரே தேவைப்படவில்லை. ஒரு முகத்தை இவ்வளவு அறிந்துவைத்திருக்கிறோமே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெபராணி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"சார், இது முக்குக் கட சுடலைல்லா?"

இனி நேரமில்லை என்றார் பிளேட் போடுகிறவர். பாதியோடு பாதியை ஒட்டினார்கள். தனுஷ்கோடி தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, இதுவல்லவா மக்களின் முகம் என்றார்.

குருவையா வீட்டுக்குப் போனபோது அன்னத்தாய் அடுப்படியில் நின்றிருந்தாள். வலப்பாதி மரியாதையாக வரவேற்றது. இடப்பாதியில் அரை மீசை இருந்தது. மெத்தையில் கிடந்த துண்டு அவள் தோளுக்கு வந்திருந்தது. டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி ஆற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"அண்ணாச்சிக்குச் சீனி மட்டா, தூக்கலா?"

குருவையா இந்த முறை குனியாமல் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். அதில் ஏசுவதற்கு யாரும் இல்லை. தூக்கல் என்றார்.

டீ நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.