திங்கட்கிழமை ஓட்டிய நான்கு

நான்கு மணிக்கு முதலாளி வைகுண்டராஜ் அறிக்கையைக் கேட்பார். ஐந்து மணிக்குள் மாங்கொட்டையில் கொழுப்பு எடுக்கும் பெரியகுளம் ஆலையில் குவிந்து கிடக்கும் மாங்கொட்டை முழுவதும் சோதனைக்கூடம் பார்க்கும் ஜோதிகா கூட்டச் சொன்ன சூட்டில் தொட்டிக்குள் இறங்கிவிடும். சூட்டைக் கூட்டினால் கொழுப்பு பழுப்பேறும். கிடைக்கும் அளவு கூடுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். கூடாவிட்டால் இந்த சீசன் சரக்கே பாழ்.

சூடு, நேரம், அரைத்த பொடியின் நுண்மை, கொழுப்பைக் கரைத்தெடுக்கும் கரைப்பானின் அளவு. நான்கையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் பதினாறு சேர்க்கைகள். அவற்றில் எட்டை மட்டும் பொறுக்கி, வரிசையைக் கலைத்துச் சீட்டில் எழுதி ஓட்டச் சொல்லியிருந்தாள். பாதித் தெருக்களில் நடந்துவிட்டு முழு ஊரையும் வரைகிற வேலை அது. சூடு கூடிய நான்கில் கிடைத்த கொழுப்பின் சராசரி, குறைந்த நான்கை விட இரண்டு சதவீதம் அதிகம். மற்ற மூன்றை மாற்றியும் அளவு அசையவேயில்லை. விடை இவ்வளவு சுத்தமாக வந்ததுதான் அவளை உறுத்தியது.

பாய்லர் பார்க்கும் வேல்பாண்டியிடம் போனாள்.

"அண்ணே, சீட்டுல இருந்த வரிசப்படிதான ஓட்டுனீக?"

"அந்தச் சீட்டா? ஏத்து, எறக்கு, மறுபடி ஏத்துன்னு எந்தக் கிறுக்கு எழுதுச்சோ! சூடு கூடுன நாலையும் திங்கக்கெழமயே முடிச்சிட்டேன். மிச்சம் நாலும் செவ்வாக்கெழம. வெறகு எம்புட்டு மிச்சம் தெரியுமாத்தா?"

"நான்தாண்ணே எழுதுனேன்."

"அய்யய்ய!"

திங்கள் இரவு மழை கொட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமைக் கொட்டை ஈரம். நீரின் எடையும் சேர்வதால் ஈரக்கொட்டை கொழுப்பைக் குறைவாகத்தான் காட்டும். சூடும் மழையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. அந்த எட்டு எண்களை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இனி பிரியாது. வரிசையைக் கலைத்து எழுதியது இதற்காகத்தான். ஏன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதலாளியின் அறையில் அறிக்கையை மேசைமேல் வைத்தாள். "இதுல கையெழுத்துப் போட முடியாது சார்."

"ஏம்மா, காலையில நல்லா வந்திருக்குன்னு சொன்ன?"

"மழை செஞ்சத சூடு செஞ்சதுன்னு நெனச்சிட்டேன் சார். காஞ்ச கொட்டையில ஒரு மூட்டைய ரெண்டாப் பிரிச்சு, ஒரே நாள்ல ரெண்டு சூட்டுலயும் ஓட்டிப் பாக்கணும்."

"கொட்டை பூஞ்சை புடிக்குது, தெரியும்ல? நாளைக்கு மதியம் வரைக்கும்தான்."

மறுநாள் பன்னிரண்டரைக்கு இரண்டு குடுவைகளையும் எடை போட்டாள். கூடிய சூட்டில் கொழுப்பு ஒன்பது புள்ளி மூன்று கிராம். ஆலையின் பழைய, குறைந்த சூட்டில் ஒன்பது புள்ளி இரண்டு. தராசைத் துடைத்து மறுபடி போட்டாள். அதே எண்கள்.

வேல்பாண்டி கூடிய சூட்டுக் குடுவையை எட்டிப் பார்த்தார். "அப்ப இது எதுக்கு இம்புட்டுப் பழுப்பாச்சு?"

"சும்மாதாண்ணே."

முதலாளி இரண்டு குடுவைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பழைய சூடே போதும்ங்கற."

"ஆமா சார். கொட்டை மட்டும் நனையக்கூடாது."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. குவியல்கள் முற்றத்தில் திறந்தபடி கிடந்தன.

ஜோதிகா தார்ப்பாய் தேடி ஓடினாள்.