கேட்காமல் எழுதிய எண்

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடம் பார்க்க எளிதாக இருந்தது. வேலை செய்யும் இடத்தில் நாமே எழுதிய நூறு பேரின் விவரத்தை எடுத்து, அதில் நமக்குத் தெரியாமல் ஏதாவது ஓரவஞ்சனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேரளாவில், பெரும்பாவூரில் ஒரு சிறிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் நர்ஸ். வருகிறவர்களிடம் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அந்த எண்களையே எடுத்துக்கொண்டேன்.

உள்ளூர்க்காரர்கள் அறுபத்திரண்டு பேர். இரண்டு, ஒன்பது, ஐந்து என்று எண்கள் சிதறிக் கிடந்தன. பெங்காளிகள் முப்பத்தெட்டு பேர். அஸ்ஸாமோ பீகாரோ, வேலை தேடி ரயிலில் வந்து இறங்கிய எல்லாரும் எங்களுக்குப் பெங்காளிதான். அவர்களில் முப்பத்தொரு பேருக்கு மூன்று என்று எழுதியிருந்தேன். தவறாக எண்ணிவிட்டேனோ என்று பென்சிலால் புள்ளி வைத்து மறுபடி எண்ணினேன். முப்பத்திரண்டு.

அவர்களில் ஒருவரிடமாவது கேட்டதாக நினைவில்லை. முகத்தைப் பார்த்து நானே போட்டிருக்கிறேன்.

அதில் ஒரு வரி: சபிதா டிகல், பிளைவுட் கம்பெனி, வலது கையில் தீக்காயம், வலி மூன்று. அவளை நினைவிருந்தது. சிரித்தாள். அதனால் ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்காரவைத்தேன். அதே காலையில் குக்கர் ஆவி பட்டு வந்த உள்ளூர்ச் சேச்சிக்கு எட்டு. அவர் நேராக உள்ளே போனார்.

கூட வேலை செய்யும் சினிமோளிடம் காட்டினேன்.

"என்னடி ஜிஷா, கணக்கு டீச்சர் ஆயிட்டியா?" என்றாள். "அவங்க தாங்கிப்பாங்கடி. நம்ம மாதிரியா?"

"யாரு சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? பாத்தாலே தெரியுதே."

"எனக்கும் பாத்தாலே தெரிஞ்சுதுடி. முப்பத்திரண்டு தடவ."

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துத் தன்னுடைய கையெழுத்தைத் தேட ஆரம்பித்தாள்.

மறுநாள் சபிதாவுக்குக் கட்டு மாற்ற வேண்டும். இது மூன்றாவது முறை. காயத்தோடு ஒட்டிய துணியை முதல் இரண்டு முறையும் வலிக்கு மருந்து தராமல் உரித்தெடுத்தவள் நான்தான்.

"சபிதா, கட்ட எடுக்கும்போது வலி பத்துக்கு எத்தன?"

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். "என்னையா கேக்கறீங்க, சேச்சி?"

"உன்னத்தான்."

"அது மலையாளிங்ககிட்ட மட்டும் கேக்கறதுன்னு நெனச்சேன்." சற்று யோசித்தாள். "ஒம்பது."

"அன்னிக்கு சிரிச்சியே?"

"வேற என்ன செய்ய? கம்பெனில அழுதா ஊருக்குப் போன்னுடுவாங்க. இங்க நீங்க திட்டுவீங்களோன்னு பயம்."

நான் திட்டமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

டாக்டரிடம் எழுதி வாங்கி ஊசி போட்டேன். மருந்து வேலை செய்ய அரை மணி ஆகும். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எந்த ஊரு நீ?"

"கந்தமால். ஒடிசா."

"பெங்காளி இல்லையா?"

"மூணு வருஷமா பெங்காளிதான், சேச்சி."

இருவரும் சிரித்தோம். அவள் சிரிப்பை வைத்து இந்த முறை நான் எதையும் முடிவு செய்யவில்லை.

உப்புநீர் ஊற்றி, துணியை நனைத்து நனைத்து எடுத்தேன். பாதியில் அவள் உடம்பு விறைத்தது.

"நிறுத்துங்க!"

நிறுத்தினேன். என் தோளில் நெற்றியை வைத்துச் சத்தமாக அழுதாள். சினிமோள் எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த ஆளு காத்திருக்காருடி. இன்னும் முடியலையா?"

"இல்ல. இவ நிறுத்தச் சொல்லியிருக்கா."

"சரி, அவர நான் பாத்துக்கறேன்," என்று போய்விட்டாள்.

துணியின் ஓரத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். கை கடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து சபிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை நிமிர்த்தினாள்.

"இப்ப எடுங்க," என்றாள். "மெதுவா."