ஏழாம் நாள் வடித்த தண்ணீர்

சந்தனாம்மா டீ வடிகட்டியோடு மொட்டை மாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காங்கிரீட் போட்டு அன்று ஏழாம் நாள். தளம் முழுக்கக் கலவையால் சிறு வரப்பு எழுப்பி, வயல் மாதிரி பாத்தி பாத்தியாகப் பிரித்து, இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தியிருந்தது. தண்ணீரில் ஊறினால்தான் காங்கிரீட் இறுகும் என்பது சிங்கவரத்தில் எல்லோருக்கும் தெரியும். செஞ்சி வட்டாரத்துக் கொசுக்களுக்கு இதைவிட வசதியான பிரசவ ஆஸ்பத்திரி கிடையாது என்பதும் கொசுக்களுக்குத் தெரிந்திருந்தது. பாத்திகளில் புழுக்கள் நெளிந்தன. சித்திரை வெயிலுக்கு ஓரத்துப் பாத்திகள் வற்றி, அங்கிருந்த புழுக்கள் சிமெண்டோடு ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. உயிரோடிருப்பவற்றைச் சந்தனாம்மா வடிகட்டியில் அள்ளி வாளியில் விட்டார். வாளி நிறைந்ததும் அதைக் குளத்துக்கு எடுத்துப்போவார். நைனார் வீட்டுக்காரர்கள், சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பாட்டைத் தொடாதவர்கள். புழு கொசுவாகி வந்து தன்னையே கடிக்கும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. அது கொசுவின் கணக்கு, இது தன் கணக்கு என்று இருந்தார்.

"தம்பி, இன்னும் எத்தினி நாளைக்குத் தண்ணி நிக்கணும்? காத்தால வந்து பாத்தா அந்த ஓரம் பூராவும் செத்துக் கெடக்குது. மனசு கேக்கல."

நான் அப்போது கைப்பேசியில் இருந்தேன். "போதும்மா. ஏழு நாள் ஆயிடுச்சே. வடிச்சிடலாம்" என்றேன்.

வீராசாமி மேஸ்திரி ஏணிப்பக்கம் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "எப்பவும் போடற சரக்குன்னா ஏழு, தெரியும் சார். இது சாம்பல் போட்டதாச்சே. இதுக்கும் ஏழுதானா? எனக்குத் தெரியாது, அதான் கேக்கறேன்."

"எல்லாத்துக்கும் ஏழுதான் மேஸ்திரி" என்றேன்.

நல்ல கேள்விக்குக் கூச்சமே இல்லாமல் பதில் சொல்வது ஒரு திறமை. ஐந்து வருஷம் கட்டடக்கலை படித்ததில் எனக்கு முழுசாகக் கைவந்தது அது ஒன்றுதான். மேஸ்திரி தலையாட்டிவிட்டு வரப்பை ஒரு இடத்தில் உடைத்தார். சந்தனாம்மா அந்த உடைப்பிலேயே வாளியைப் பிடித்துக்கொண்டு, வெளியேறும் தண்ணீரைக் கடைசிப் புழுவரை வடிகட்டினார். "உங்களுக்குப் புண்ணியமாப் போவும் தம்பி" என்றார். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் யுவராஜ் அண்ணனின் அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். அவர் பதிவு பெற்ற கட்டடக் கலைஞர். சந்தனாம்மாவின் அக்கா மகன். பதிவைப் புதுப்பிக்க இத்தனை மணி நேரம் புதிதாகப் படித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதற்காக மாசி மாதம் ஆன்லைனில் ஒரு வகுப்பு வந்தது. நீடித்து நிற்கும் காங்கிரீட், அதை வடிவமைப்பதும் கட்டுவதும், நான்கு நாள். "சேரா, என் பேர்ல நீ உக்காந்துரு. எனக்கு சைட் இருக்குது" என்றார் அண்ணன். மதியத்தில் சைட் என்றால் தூக்கம் என்பது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்.

உட்கார்ந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு கட்டடக் கலைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு பெட்டி வந்து, 'நீங்கள் இருக்கிறீர்களா?' என்று கேட்கும். முப்பது விநாடிக்குள் 'இருக்கிறேன்' என்று அழுத்த வேண்டும். என்னை இவ்வளவு அக்கறையாக வேறு யாரும் விசாரித்ததில்லை. பாடம் எடுத்தவர் ஜெயசுதா என்று ஒரு பேராசிரியர், ஓய்வு பெறும் வயது. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து பேசினார். பின்னால் ஃபிரிட்ஜ், அதன் மேல் ஒரு கூடை எலுமிச்சம்பழம். சிமெண்ட் தயாரிக்கும்போது எவ்வளவு புகை வானத்துக்குப் போகிறது, அதில் ஒரு பங்கைக் குறைத்து அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சேர்த்தால் என்ன லாபம் என்று, நாளைக்கே உலகத்தைக் காப்பாற்றிவிடுகிற வேகத்தில் சொன்னார். "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று ஒவ்வொரு பாடத்துக்கும் நிறுத்திக் காத்திருப்பார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மௌனமாக இருப்போம். அதில் எத்தனை பேர் சேரன்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதைக் கேட்க முடியாது.

மூன்றாம் நாள் மதியம் சத்தத்தை அணைத்துவிட்டேன். அப்போது அவர் வாய் ஒரு விநாடி வட்டமாகத் திறந்தது. கண்கள் விரிந்து, ஒரு விரல் மேலே தூக்கி, முழு போண்டாவை வாங்கத் தயாரான முகம். அதைப் பிடித்து, ஃபிரிட்ஜை வெட்டிவிட்டு, கீழே 'பசிக்குது' என்று எழுதி ஸ்டிக்கராக்கிக் கல்லூரி நண்பர்கள் குழுவில் போட்டேன். முப்பத்தாறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துபாயிலிருக்கும் வெற்றிவேல் இன்றைக்கும் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அதை அனுப்புவான். கடைசி நாள் பரீட்சையில், இருப்பதிலேயே நீளமான விடையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனேன். தொண்ணூற்றிரண்டு மார்க்.

சான்றிதழ் யுவராஜ் அண்ணன் பெயரில் வந்தது. லேமினேட் செய்து மாட்டினோம். சந்தனாம்மாவின் கணவர் தர்மநாதன், அண்ணனுக்குச் சித்தப்பா, மேல்சித்தாமூர்ப் பக்கம்வரை போய் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை வாங்கி விற்கிற வியாபாரி, எந்த மூட்டையையும் கைவிட்டுப் பார்க்காமல் எடுக்காதவர், அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "நம்ம பையன் புதுசாப் படிச்சிருக்கான். அவன் சொல்றபடியே போடலாம்" என்றார். அப்படித்தான் சிங்கவரத்தில் முதல் சாம்பல் காங்கிரீட் விழுந்தது. "சாம்பல்ல பாத்திரம் தேய்ப்பாங்க சார், இன்னா வீடு கட்டச் சொல்றீங்க" என்றார் வீராசாமி. ஆனாலும் அளவு பிசகாமல் கலந்தார். தளம் போடும் நாளில் ஆட்களுக்குக் கறிச்சோறு போடுவது வழக்கம். அங்கே வடையும் பாயசமும். "நைனாரு ஊட்டுக் காங்கிரீட்டு, இனிச்சிக்கினே இறுகும்டா" என்று அவர் சொன்னதற்கு ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். சந்தனாம்மாவும் சிரித்தார்.

ஆனி மாதம் இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை சந்தனாம்மா வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கொக்கி பக்கத்தில் ஒரு ஈரவட்டம். மாடியில் ஏறிப் பார்த்தால், தளம் முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடிப்பு, வறண்ட ஏரி மாதிரி.

கூடத்தில் பஞ்சாயத்து. தர்மநாதன் நாற்காலியில், யுவராஜ் அண்ணன் நாற்காலியில், மேஸ்திரி நின்றுகொண்டு. நான் கதவோரம், வசதியாக.

"தண்ணிய ஜாஸ்தி ஊத்திக் கலக்கிட்டீங்களா மேஸ்திரி? மறைக்காம சொல்லுங்க" என்றார் தர்மநாதன்.

"இல்ல நைனா. என் புள்ளைங்க மேல சத்தியம். சார் பக்கத்துலயே நின்னாரு. அவரக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரியின் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. சாட்சியைப் பார்க்கிற நிம்மதிதான் இருந்தது. நான், "பாத்து சொல்றேன்" என்றேன். தமிழில் அதைவிடக் காலியான வாக்கியம் இருந்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

"கலவையில தப்பு இருக்காது சித்தப்பா, நான் சர்டிபிகேட்டே வாங்கியிருக்கேன். கைவேலைதான்" என்றார் யுவராஜ் அண்ணன். அவர் அதை நம்பியே சொன்னார்.

கடைசியில் தர்மநாதன் முடிவு சொன்னார். மேஸ்திரி வெடிப்புகளை அடைத்துப் பூசட்டும். மறுபடி பாத்தி கட்டி நான்கு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்கலாம். சொட்டினால் மாடி வேலை வேறு ஆளுக்கு. வீராசாமிக்கு வீடு அடுத்த தெருவில். சிங்கவரத்தில் தளம் ஒழுகிய மேஸ்திரி என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அப்புறம் அந்த ஊரில் கோழிக்கூடு கட்டக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள். அவர் "சரி நைனா" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, உதறி, மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பி அந்த வகுப்பின் பதிவைத் தேடி எடுத்தேன். மேஸ்திரிமேல் தப்பு என்று எங்கேயாவது சொல்லியிருப்பார்கள் என்று தேடினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் நாள், மதியம். இந்தமுறை சத்தத்தோடு.

"இந்த நாலு நாள்ல நான் சொன்ன எல்லாத்தையும் மறந்துடுங்க, பரவாயில்ல" என்றார் ஜெயசுதா. "இத மட்டும் மறக்காதீங்க. சாம்பல் சேர்த்த காங்கிரீட் மெதுவாத்தான் இறுகும். ஏழு நாள்ல தண்ணிய வடிச்சீங்கன்னா மேல் பக்கம் காஞ்சு வெடிக்கும். குறைஞ்சது பத்து நாள். நம்ம ஊர் வெயிலுக்குப் பதினாலு." விரலைத் தூக்கினார். கண்கள் விரிந்தன. 'பதினாலு'வில் 'நா' வரும்போது வாய் வட்டமாகத் திறந்தது. பின்னால் எலுமிச்சம்பழக் கூடை.

நிறுத்தினேன். கைப்பேசியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே விரல், அதே வாய். இம்மியளவும் வித்தியாசமில்லை. நான்கு மாதமாக முப்பத்தாறு பேர் அவர் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிற முகத்தைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. அந்த விநாடியில் நான் இருந்தேன். இருந்ததோடு நில்லாமல் அதை வெட்டியும் எடுத்திருந்தேன். பதிவு ஓடாமல் நின்றதால், 'நீங்கள் இருக்கிறீர்களா?' என்று பெட்டி வந்தது. முப்பது விநாடி கழிந்து தானாகப் போனது.

மறுபடி தண்ணீர் நிறுத்திய நான்காம் நாள் காலை சிங்கவரம் போனேன். சொல்லிவிடுவதென்று போனேன். சைக்கிளில் கோட்டைப் பாறைகளைத் தாண்டும்வரை வாக்கியம் சரியாகத்தான் இருந்தது.

நேராக மாடிக்கு ஏறினேன். சந்தனாம்மா அதே வடிகட்டியோடு உட்கார்ந்திருந்தார். மறுபடி தண்ணீர், மறுபடி புழுக்கள். முகம் வாடியிருந்தது.

"வாங்க தம்பி. சாப்டீங்களா?"

"ஆச்சும்மா. நீங்க?"

"நான் ஒரு வேளதான் இந்த வாரம்." வடிகட்டியை வாளியில் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கள ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் புழு சாவுது, புழு சாவுதுன்னு உங்கள நச்சரிச்சி தண்ணிய வடிக்கச் சொன்னேன் இல்ல? அதனாலதான் இது இப்படி ஆச்சி. எனக்கு ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. நீங்க அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என்னக் காட்டிக் குடுக்காம, 'பாத்து சொல்றேன்'னு சமாளிச்சீங்க பாருங்க, அத நான் மறக்கமாட்டேன். எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, உன் புண்ணியத்துக்கு நாலு லட்சம் தளம் போச்சேன்னு ஆயுசுக்கும் சொல்லுவாரு. ஆனா பாவம் அந்த மேஸ்திரி. அவருகிட்ட மட்டும் நான் மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"மேஸ்திரி இன்னா சொன்னாரு?"

"உங்க மேல தப்பு இருக்காதும்மா, படிச்சவரு சொல்லித்தான் நான் வரப்ப ஒடச்சேன்னாரு. அவரும் உங்கள உட்டுக் குடுக்கல தம்பி."

சைக்கிளில் சரியாக இருந்த வாக்கியத்தைத் தேடினேன். அதற்குப் பதிலாக, "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று ஏதோ வந்தது. அதை அவர் என் நல்ல குணத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். வாளியை என் பக்கம் நகர்த்தினார். "கீழ போறீங்கன்னா இதக் குளத்துல உட்டுடறீங்களா? முட்டி வலிக்குது."

வாளியோடு இறங்கினேன். கூடத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அங்கே தர்மநாதனும் யுவராஜ் அண்ணனும் வீராசாமி மேஸ்திரியும் தலையை அண்ணாந்து மேல்தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு துளி கோத்துக்கொண்டு வந்தது. கொழுத்தது. விழவில்லை.

"மேஸ்திரி" என்றார் தர்மநாதன், மேலே பார்த்தபடியே.

வீராசாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"சித்தப்பா" என்றேன். அவர் எனக்குச் சித்தப்பா இல்லை. மூவரும் திரும்பினார்கள். ஒரு கையில் வாளி கனத்தது. இன்னொரு கை எதற்கென்று தெரியாமல் மேலே எழும்பி, விரல் நீண்டு நின்றது. என் வாய் வட்டமாகத் திறந்திருந்தது. வாளிக்குள் புழுக்கள் மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தன.